ஆனியில் வந்த மார்கழி

இதை எழுதவேண்டும் என்று நினைப்பதும் விடுவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. எழுதுகிற கொப்பியை எடுத்து மேசையில் வைப்பேன். சாமியறை விளக்கைப் பார்ப்பேன். நாலு பேர் நம்பிச் செய்கிற காரியத்தில் நான் ஏன் கைவைக்கவேண்டும் என்று திரும்ப மூடிவிடுவேன். நான் பெரிய படிப்புப் படித்தவளும் இல்லை. ஊரில் நாலாம் வகுப்பு, இங்கே பதினாறு வயதுவரை பள்ளிக்கூடம், பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். என் தமிழ் அம்மா வீட்டில் கதைத்த தமிழும், சனிக்கிழமை வகுப்பில் மிச்சம் பிடித்ததும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லவந்த விஷயத்தில் பிழை இல்லை. அதற்கு ஆண்டவன் சாட்சி.

இனிப் பொறுக்க முடியாது என்று ஆனது போன மாதம், ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில். நான் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் இருவர். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்கிறாள்: "ஜூன் மாசம் விடியக்காலம் பச்சத்தண்ணில குளிச்சா விசா கேரண்டிடி. ஒரு சிலோன் அம்மா ஸ்னோ கொட்டுறப்ப அதுலயே நின்னு குளிச்சாங்களாம். ஒரே வாரத்துல புருஷன் வந்து நின்னுட்டாராம்."

"அது என்ர அம்மா," என்றேன். "ஸ்னோ கொட்டேல்லை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியாக்கா? ஆனா எங்களுக்குச் சொன்னவங்க ஸ்னோன்னுதான் சொன்னாங்க."

என் அம்மாவின் கதையில் எனக்கே சந்தேகம் வருமாறு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று இரவே எழுதத் தொடங்கினேன். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், "ஆனி மாசத்தில மார்கழி கொண்டாடின குடும்பம்" என்று. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஓம், கொண்டாடினோம். அதற்கு வெட்கப்பட எங்களிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து இறங்கியது ஒரு ஐப்பசி மாதம். நாங்கள் என்றால் அம்மாவும் ஒன்பது வயதுப் பிள்ளையான நானும். ஊரில் சண்டை நடந்த காலம். எங்கள் இரண்டு பேருக்கும் விசா கிடைத்தது. அப்பாவின் பத்திரத்தில் ஏதோ குறை என்று அவருடையதை மட்டும் நிறுத்திவைத்தார்கள். கொழும்பு விமான நிலையத்தில், "நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார் அப்பா, சந்திக்கடையில் ஒரு சாமான் வாங்க மறந்தவர்போல. இங்கே எங்களை ஏற்றுக்கொண்டது அம்மாவின் தம்பி, என் மாமா. பேக்கரியில் இரவு வேலை. காலையில் தலையெல்லாம் மாவோடு வருவார். ஒரு வார்த்தை நேராகச் சொல்லத் தெரியாத மனிதர், சிரிப்புக் காட்டிப் பகிடியாகத்தான் எதையும் சொல்லுவார்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாளில் டிசம்பர் வந்தது. வகுப்பறை யன்னல்களில் ஒட்டச் சொல்லி ரீச்சர் ஆளுக்கொரு பிடி பஞ்சு தந்தார். அது ஸ்னோவாம். பிள்ளைகள் எல்லோரும் அரைக்காற்சட்டையோடு, மூக்கு நுனியில் வெயிலுக்குப் பூசுகிற களிம்போடு, வியர்க்க வியர்க்கப் பஞ்சு ஒட்டினோம். ஒட்டி முடித்ததும் ஸ்னோவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினோம். வெளியே வெயில் எரித்தது. நான் ரீச்சரிடம் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உண்மையான ஸ்னோ எப்போது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே கிறிஸ்மஸ் கோடைகாலத்தில்தான் வரும், குளிர்காலம் ஜூன் முதலாம் திகதி தொடங்கும், அப்போதும் ஒக்லாந்தில் ஸ்னோ விழாது என்றார்.

எனக்கு ஏமாற்றிவிட்டார்கள் போல இருந்தது. அன்று வகுப்பில் வாழ்த்து அட்டை செய்யச் சொன்னபோது அப்பாவுக்கு ஒன்று செய்து படம் கீறினேன். மாமா வீடு, கூரை முழுவதும் ஸ்னோ. வாசலில் அம்மா, மாமா, நான், மூன்று பேரும் முழங்கால் மட்டும் ஸ்னோவுக்குள். வெளிநாடு என்றால் ஸ்னோ இருக்கவேண்டும். அப்பாவுக்குக் குறைந்த நாடு ஒன்றைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கீழே "மகிழ்ச்சியான கிறிஸ்மஸ்" என்று எழுதி, நாங்கள் சைவம் என்ற ஞாபகம் வந்து, பக்கத்தில் ஒரு வேலும் கீறிவிட்டேன். அம்மா அதை அப்படியே தபாலில் சேர்த்தார்.

அந்த மார்கழியில் அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் திருவாதிரைக்கு முன் வருகிற பத்து நாட்களில் இருட்டோடு எழும்பி, கிணற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் வார்த்து, ஈரத்தலையோடு விளக்கேற்றி, மணி அடித்துப் பாடிச் சிவனைத் துயிலெழுப்புவோம். தண்ணீர் பச்சைத்தண்ணீர்தான், குளிருக்குப் பயந்து தள்ளிப்போடுவது கிடையாது. அப்பா வந்து சேரவேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டது இதைத்தான்.

ஆனால் எங்களுக்கு ஒக்லாந்தின் கோடையே குளிர். அம்மா டிசம்பரில் சுவெற்றர் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பார். மாமா பெனியனோடு நின்று சிரிப்பார்.

"இது சம்மர் அக்கா."

"இதுவோ சம்மர்? எங்கட மார்கழியே இப்பிடிக் குளிரேல்லை."

"சம்மருக்கே இப்பிடி எண்டால் விண்டரைக் கண்டு என்ன செய்வாய்?"

"விண்டர் எப்பத் தொடங்கும்?"

"கழுவிப் போட்ட ஜீன்ஸ் ஒரு கிழமையாக் காயாமல் கிடந்தால் அண்டைக்குத் தொடங்கினது எண்டு அர்த்தம்."

குளியலறையில் இரண்டு குழாய். சிவப்பு அடையாளம் போட்டது வெந்நீர். "சம்மர் தானே அக்கா, இது குளிர்மாசமே இல்லை. சிவப்பைத் திற, ஒரு குத்தமும் வராது," என்றார் மாமா. அம்மா சிவப்பைத் திறந்தார். எனக்குத் தெரியும், நான் வெளியே தலை துடைக்கிற துவாயோடு நின்றேன். கதவுக்கடியால் ஆவி வந்தது. அம்மா கன்னம் சிவந்து, இதமாக வெளியே வந்து விளக்கேற்றினார். விடிந்து வெளிச்சமாகியிருந்தது. வெளியே குருவிகள் எங்களுக்கு முன்னமே எழும்பிப் பாடிக்கொண்டிருந்தன. இப்படியே அந்த மார்கழி சுகமாகக் கழிந்தது.

தை பிறந்தது. மாசி, பங்குனி, சித்திரை. அப்பாவின் விசாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பிறகு உண்மையான குளிர் வந்தது. மரச்சுவர் வழியே உள்ளே வந்து படுக்கையில் எங்களோடு படுத்துக்கொண்டது. அறைமூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. மாமாவின் ஜீன்ஸ் கொடியில் கிடந்து புளித்தது. காலையில் பள்ளிக்கு நடக்கும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து, கால் வைத்தால் நொறுங்கும். இதுதான் ஸ்னோ என்று முதல் நாள் துள்ளினேன். ஸ்னோ இல்லை, வெறும் உறைபனி என்று மாமா திருத்தினார்.

அம்மாவுக்கு அப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் தலையில் பொன்னிறக் காகிதக் கிரீடத்தோடு வீட்டுக்கு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு புடிங், கேக் மாதிரி.

"இஞ்ச பார், திரும்பவும் கிறிஸ்மஸ்!" என்றார். அங்கே யன்னலெல்லாம் மறுபடி பஞ்சு ஒட்டியிருந்தார்களாம். மரம் வைத்து, கிழவர் கிழவிகள் எல்லோருக்கும் கிரீடம் வைத்து, பாட்டும் பாடினார்களாம். அம்மா சமையலறைப் பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்ணிடம் இதென்ன என்று கேட்டிருக்கிறார். டிசம்பரில் வருவது கலண்டர்க் கிறிஸ்மஸ், இது குளிருக்காக வருகிற கிறிஸ்மஸ், யேசு ஒன்றும் கோபிக்கமாட்டார் என்றாளாம் அவள்.

சொல்லிவிட்டு அம்மா புடிங்கை மூன்றாக வெட்டினார். ஒரு வாய் வைத்தார். அப்படியே நிறுத்தினார். கிரீடம் இன்னும் தலையில் இருந்தது.

"தம்பி," என்றார், "அப்ப எங்கட மார்கழி இங்க எது?"

மாமா புடிங்கோடு ஏதோ பகிடி சொன்னார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டம். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கோயில் கிட்ட இல்லை. ஒரு சமூக மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நாற்காலிகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பாய் விரித்து இருப்போம். அதை நடத்தியவரை எல்லோரும் தலைவர் ஐயா என்போம். வேட்டி, அதன் மேல் கம்பளிக் கோட்டு, கக்கத்தில் பஞ்சாங்கம். அவரைக் குறைசொல்லி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மழையானாலும் ஒரு வெள்ளி தவறாமல் மண்டபத்தைத் திறந்து கூட்டித் துடைத்தவர் அவர்.

பூசை முடிந்து கடலை கொடுக்கும் நேரம் அம்மா எழும்பி நின்று சொன்னார், வருகிற திங்கள் முதல் தான் மார்கழி விடியற்பூசை செய்யப்போவதாக.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

"என்ன தங்கச்சி கதைக்கிறீர்?" என்றார் தலைவர் ஐயா. "இது ஆனி மாசம்."

"ஊரில ஆனி ஐயா. இங்க குளிர் இப்பதானே."

"மார்கழி எண்டது தேவருக்கு விடியற்காலம். தை பிறக்கச் சூரியன் திரும்பும், அவைக்கு விடியும். உமக்காகச் சூரியன் வேற மாசத்தில திரும்புமே?"

"இங்க இப்பதான் ஐயா திரும்புது. இனித்தான் பகல் நீளும். பள்ளிக்கூடத்தில பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தவை." அம்மா என் தலையில் கைவைத்தார். நான் நிமிர்ந்து நின்றேன். "டிசம்பரில சூரியன் இரவு எட்டரை மட்டும் போகாமல் நிண்டதே, நீங்களும் பாத்தனீங்கள்தானே. அது என்ன விடியற்காலம்?"

"பஞ்சாங்கத்தைவிட உமக்குத் தெரியுமோ?"

"பஞ்சாங்கம் எங்க ஐயா அச்சடிச்சது?"

பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயாவின் முகம் கறுத்தது. "பூசணிப்பூவுக்கு எங்க போவீர்? சாணிக்கு எங்க போவீர்?" என்றார். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ குத்துவோம் அல்லவா, அதைத்தான் கேட்டார். "வெள்ளைக்காரன் ரெண்டாம் தரம் கேக் தின்னுறான் எண்டு நாங்கள் சாமியை ரெண்டாம் தரம் எழுப்பேலாது. இப்பிடி நாலு பேர் வெளிக்கிட்டால் பிறகு தீபாவளியும் ஆளாளுக்கு ஒரு நாள். செய்யிறதெண்டால் வீட்டோட செய்யும். இந்த மண்டபத்தில பேச்சு வேண்டாம்."

"வீட்டிலதான் ஐயா கிடக்குது பைப்," என்றார் அம்மா.

வரும் வழியில் காருக்குள் மாமா கெஞ்சினார். "அக்கா, ஆக்கள் எங்களைத் தள்ளிவைச்சிடுவினம். எனக்கு இங்க இருக்கிற சொந்தம் இந்தச் சனந்தான்." எனக்கோ மார்பு விம்மியது. அப்பா வராமல் இருப்பதற்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. நாங்கள் கேட்ட மாதம் பிழை. சாமி அப்போது நித்திரையே இல்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சரியான மாதத்தில், சரியான குளிரில் கேட்டால் அப்பா வந்துவிடுவார். என் சின்ன மூளைக்கு இது கணக்குப் போல நேராக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது. அம்மாதான் எடுத்தார். "ஓம்... ஓம்... ஓமோம்," என்று மட்டும் சொன்னார். வைத்தபிறகு, கழுவி வைத்திருந்த பானையை எடுத்து மறுபடி கழுவினார். "ஆரம்மா?" என்றேன். "தெரிஞ்ச ஆள்தான்," என்றார். கண் கலங்கியிருந்தது. பிரார்த்தனைக் கூட்டத்து ஆள் யாரோ கூப்பிட்டு ஏசியிருக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டினேன். எனக்கு இன்னும் வீம்பு ஏறியது.

திங்கட்கிழமை விடியற்காலம். வீட்டின் பின்பக்கம் ஒரு தோட்டக் குழாய், கீழே ஒரு வாளி. நான் இரண்டு சுவெற்றரும் மாமாவின் தொப்பியும் போட்டுக்கொண்டு பின்படியில் நின்றேன். புல் உறைந்து கிடந்தது. சீலையைக் குறுக்குக் கட்டிக்கொண்டு அம்மா இருட்டில் இறங்கி நடந்தார். குழாய் முதலில் வரமாட்டேன் என்று இருமியது. வாளி நிறைந்தது. "சிவ சிவா" என்று ஒரு சத்தம். முதல் செம்பு தலையில். எனக்குத்தான் மூச்சு நின்றது. அம்மா அடுத்ததையும் வார்த்தார், அதற்கடுத்ததையும். தலையிலிருந்து ஆவி பறந்தது, இந்த முறை அது அம்மாவின் சொந்த ஆவி.

பூசணிப்பூவுக்கு, புல்லுக்குள் களையாக முளைக்கிற சின்ன மஞ்சள் பூவைப் பிடுங்கினோம். சாணிக்கு மாமா தோட்டச் சாமான் கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். அவிழ்த்தால் ஆட்டுப் புழுக்கை. "இதில பிள்ளையார் பிடிக்கலாமோ அக்கா? பிடிச்சால் மே எண்டு கத்துவாரோ?" என்றார். அம்மா மஞ்சளில் பிடித்தார். மணி அடித்து அம்மா பாடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. அங்கே சமோவாத் தீவுக்காரரான ஒரு வயதான அம்மா இருந்தார், பெரிய உடம்பு, ஞாயிறுகளில் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியும். வேலிக்கு மேலால் எட்டி, "என்ன செய்கிறாய்?" என்றார். அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் குறைவு. ஈரத்தலையோடு கையைக் கூப்பிக் காட்டி, "பிரேயர். மை ஹஸ்பண்ட்," என்றார். சமோவா அம்மா உள்ளே போனார். போலீசைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். யன்னல் திறந்தது. அவருடைய மொழியில், அவருடைய சாமிக்கு, கட்டைக் குரலில் ஒரு பாட்டு வந்தது. அம்மா பாட, அவர் பாட, இரண்டும் சேரவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் அப்படித்தான்.

எங்கள் சனத்துக்குள் பேச்சு ஓடியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் என்னைப் பார்த்து, "உங்க வீட்டில ஜூலைல பொங்கலா?" என்றான். அவனுடைய காலை மிதித்தேன். அம்மாவிடம் சொன்னேன். மிதித்தது சரி என்று அவர் சொல்லவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை.

பாதி நாட்கள் கழிந்தபின் ஒரு காலை, அம்மா முதல் செம்பை வார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி! இஞ்ச வா."

மாமா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றார். கையில் வெறும் கேத்தல்.

"வெந்நீரை ஆர் கலந்தது?"

"இரும வெளிக்கிட்டிட்டாய் அக்கா. கொஞ்சந்தான் விட்டனான். ஒரு கேத்தல். சாமிக்கு எங்க தெரியப்போகுது?"

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. பாய்ந்து போய் மாமாவின் வயிற்றில் குத்தினேன். "அப்பா வராட்டில் நீங்கள்தான் காரணம்! நீங்கள்தான்! கெடுத்துப்போட்டீங்கள்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மாமாவின் முகத்தில் பகிடி ஒன்றும் மிச்சமில்லை. மாவு படிந்த தலையோடு, கேத்தலைப் பிடித்தபடி, குழந்தைபோல நின்றார்.

அப்போது அம்மா சிரித்தார். வாளித் தண்ணீரைப் புல்லில் கவிழ்த்தார், ஆவி எழும்பியது. குழாயை மறுபடி திறந்தார். குளிரில் பல் அடிக்க, ஈரச்சீலையோடு நின்று சிரித்துக்கொண்டே, "விடு பிள்ளை, மாமாவை அடிக்காதை. கொப்பர் வருவார்," என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம் பாழாகப் பார்த்திருக்கிறது, இதில் என்ன சிரிப்பு? அன்று முழுவதும் அம்மாவோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து வாளிக்குக் காவல் நான்தான்.

கடைசி நாள் விடியற்காலம் வாசலில் ஒரு கார் நின்றது. தலைவர் ஐயா, கம்பளிக் கோட்டு, குல்லா, கழுத்தில் சால்வை. ஏசத்தான் வருகிறார் என்று வாளிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் பின்படியில் ஒதுங்கி, அம்மா குளித்து வரும்வரை மறுபக்கம் திரும்பி நின்றார். மணி அடித்து அம்மா பாடியபோது, இரண்டாம் அடிக்கு அவருடைய குரலும் சேர்ந்தது. அம்மா அவித்த கடலையும் வெல்லமும் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது பிழைதான்," என்றார். "அதில மாத்தமில்லை. ஆனால் பிழையை எண்டாலும் ஒழுங்காச் செய்யிறீர்."

"சரி எண்டு நான் சொல்ல வரேல்லை ஐயா," என்றார் அம்மா. "குளிர் எண்டுதான் சொன்னனான்."

அவர் கார் போனபிறகு அம்மா மாமாவையும் என்னையும் சாமிப்படத்துக்கு முன்னால் இருத்திச் சொன்னார், அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டது. விமான ரிக்கெற்றும் போட்டாயிற்று.

நான் கத்திய சத்தத்துக்குச் சமோவா அம்மாவின் யன்னல் மறுபடி திறந்தது.

அப்பா வந்தது ஜூலையில், மழையும் காற்றுமான ஒரு நாள். விமான நிலையக் கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அரைக்கைச் சட்டை. மெல்லிய பருத்திக் காற்சட்டை. செருப்பு. கதவுக்கு வெளியே வந்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. மாமா தன் ஜக்கெற்றைக் கழற்றி அவர்மேல் போர்த்தார்.

"என்ன அத்தான் இது, கடற்கரைக்கோ வெளிக்கிட்டீங்கள்?"

அப்பா நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீதானே பிள்ளை கீறி அனுப்பினாய். டிசம்பரில முழங்கால் மட்டும் ஸ்னோ. டிசம்பரில ஸ்னோ எண்டால் ஜூலையில கொதிக்க வேணுமே எண்டு, இருந்த கம்பளிக் கோட்டையும் அறைக்காரப் பெடியனுக்குக் குடுத்திட்டு வந்திட்டன்."

அம்மா கார் வரையும் சிரித்தார். கார் ஓடத் தொடங்கியதும் அழுதார். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சிவப்புக் குழாயைத் தானே திறந்துவிட்டார். "நல்லா ஊத்திக் குளியுங்கோ. இது கொதிக்கக் கொதிக்க வரும்."

அதோடு முடிந்திருக்கவேண்டிய கதை. ஆனால் அடுத்த ஆனியில் எங்கள் சனத்தில் இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் நின்றார்கள். பிறகு ஒக்லாந்தின் மற்றப் பகுதிகளிலும், பக்குரங்காவில், வெஸ்ட்கேட்டில். விசாவுக்கு, வேலைக்கு, வீட்டுக்கு. "உங்கட அம்மா சாமியின்ர கலண்டரையே திருப்பினவ," என்றார்கள். அம்மா "அப்பிடி இல்லை, அப்பிடி இல்லை" என்பார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது டாக்டர்கள் ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சந்தேகம் சொன்னார்கள். ஜூன் மாதம். நான் யாருக்கும் சொல்லாமல் இருட்டோடு எழும்பி, குழாயடியில் வாளியை வைத்தேன். அம்மா அப்போது எங்களோடு இருந்தார். பின்கதவில் வந்து நின்றார்.

"வயித்தில பிள்ளையோட பச்சைத்தண்ணியோ? விசரே உனக்கு?"

"நீங்கள் செய்தனீங்கள்தானே. கேட்டுத்தானே அப்பா வந்தவர்."

அம்மா படியில் இருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தினார். அன்றுதான் சொன்னார். அந்த ஞாயிறு பின்னேரம் வந்த தொலைபேசி அப்பாவுடையது. விசா கையில் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் எடுத்தாராம். ரிக்கெற் போடும்வரை ஒருவருக்கும் மூச்சு விடவேண்டாம், கண்ணூறு நாவூறு படும் என்றும் சொன்னாராம். எங்கள் சனத்தில் யார் அதற்கு முன் சொல்வார்கள்? அம்மா முதல் செம்பை எடுத்து வார்த்தது அதற்கு அடுத்த நாள் விடிய.

"அப்ப ஏன் அம்மா குளிச்சனீங்கள்? ஐயா ஏச, சனம் சிரிக்க, எல்லாம் கிடைச்ச பிறகு ஏன்?"

"மார்கழியில நான் வெந்நீரில நிண்டு கேட்டனான். அதுக்கே தந்திட்டார். எனக்குத்தான் வெக்கமாக் கிடந்தது."

என் வாளியை எடுத்து அம்மா புல்லில் கவிழ்த்தார். "கேக்கிறதெண்டால் வெந்நீரில குளிச்சிட்டுக் கேள். அவருக்குக் காது கேக்கும். தந்த பிறகு பச்சைத்தண்ணியில குளி."

அப்படியே கேட்டேன், சிவப்புக் குழாயைத் திறந்துவிட்டு. பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். அடுத்த ஆனியில் அவளைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். எதையும் கேட்கவில்லை. பல் அடித்தது. அம்மா ஈரச்சீலையோடு நின்று சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா ஒரு கேத்தல் அல்ல, ஒரு பீப்பாய் வெந்நீர் கலந்திருந்தாலும் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவுக்கு அப்பா ஏற்கெனவே வந்துவிட்டார். நான் மட்டும் அதைத் தெரியாமல் வாளிக்குக் காவல் நின்றேன்.

இதை எழுதினால் குழாயடியில் நிற்கிற பெண்களுடைய நம்பிக்கை உடையும் என்றுதான் இவ்வளவு காலம் பயந்தேன். இப்போது பயமில்லை. குளிர்ந்தால்தான் கேட்பார் என்றால் அவர் என்ன சாமி? சிரிக்கிறவர்களும் சிரித்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் எப்போது தொடங்குகிறது என்று பஞ்சாங்கத்தோடும் ரீச்சரோடும் வாதாட நான் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆனியிலும் மஞ்சள் பிள்ளையாருக்குக் களைப்பூ வைப்போம், மணி அடிப்போம். மார்கழியிலும் அடிப்போம். யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை.

வாசித்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். கடையில், காரில், குழாயடியில், எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொல்லும்போது நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். அம்மாவை ஒரு அங்குலம்கூட உயர்த்தவேண்டாம், தலைவர் ஐயாவைத் தாழ்த்தவும் வேண்டாம். வெந்நீரை விட்டுவிடாதீர்கள், கதையே அதுதான். தயவுசெய்து ஸ்னோவைச் சேர்க்காதீர்கள். அன்று விழவில்லை.